விடையோடு படமும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பக்கத்தில் திசைக் கணக்கு, இருக்கைக் கணக்குகளுக்குக் கீழே ‘விடை: இ’ என்று மட்டும் வருகிறது. தப்பாகப் போட்டவருக்கு எந்த வரியில் சறுக்கினோம் என்பது அதிலிருந்து தெரியாது.

கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்குக் கிழக்கு எது என்று யாரும் சொல்ல வேண்டாம், கடல் இருக்கிறது. தாளின் வலது ஓரத்தைக் கடல் என்று வைத்துக்கொண்டால் நாலு திசையும் வந்துவிடும். குழப்பம் இடம், வலத்தில்தான். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்தால் கடல் வலக்கைப் பக்கம்; திரும்பித் தெற்கே வந்தால் அதே கடல் இடக்கைப் பக்கம். இதை மறந்து, தெற்கே போகிறவரை ‘வலப்புறம் திரும்பினார்’ என்றதும் தாளின் வலப்பக்கமே கோடு இழுத்துவிடுகிறார்கள். அவர் திரும்புவது மேற்கே.

ஒருவர் வடக்கே 12 மீட்டர், வலப்புறம் திரும்பி 5 மீட்டர், மீண்டும் வலப்புறம் 24 மீட்டர் நடக்கிறார். நடந்தது 41 மீட்டர். வடக்கே போன 12 கழிந்து தெற்கே 12 மிஞ்சுவதால், புறப்பட்ட இடத்துக்கு நேர்த்தூரம், 5, 12, 13 செங்கோண முக்கோணப்படி 13 மீட்டர். இதுவரை பலரும் சரியாக வந்துவிடுவார்கள். ‘புறப்பட்ட இடத்திலிருந்து அவர் எத்திசையில் இருக்கிறார்?’ என்றால் தென்கிழக்கு. ‘அவர் நிற்கும் இடத்திலிருந்து புறப்பட்ட இடம் எத்திசையில்?’ என்றால் வடமேற்கு. இரண்டு விடையும் தெரிவுகளில் இருக்கும். கடைசி வரியில் ‘இருந்து’ எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அந்தப் புள்ளியில் பென்சிலை வைத்துவிட்டுத்தான் திசை சொல்ல வேண்டும்.

வட்டமேசைக் கணக்கு இதைவிடப் பொல்லாதது. எல்லோரும் மையத்தைப் பார்த்து உட்கார்ந்தால், ஒவ்வொருவருக்கும் இடப்புறம் என்பது கடிகாரமுள் சுற்றும் பக்கம். வெளியே பார்த்து உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம். மனப்பாடம் நிற்காதவர்கள், மையம் பார்க்கும் கணக்கில் முதல் ஆளைத் தமக்கு மிக அருகில், தாளின் கீழ்ப்பக்கம் வைக்கட்டும். அவர் இடக்கையும் நம் இடக்கையும் ஒரே பக்கம் இருக்கும். மேலே வைத்தால் நேர்மாறாகிவிடும். மற்றவர்களுக்கு நோட்டைத் திருப்பிப் பார்த்தாலும் தவறில்லை.

ஆறு பேர் மையம் நோக்கி இருக்கிறார்கள். வேலனும் சேதுவும் அடுத்தடுத்து இல்லை. மணிக்குப் பக்கத்தில் பூங்கொடி. கயலுக்கு எதிரே மணி. கயலுக்கு இடப்புறம் இரண்டாவது சேது. ஆறாவது ஆள் ஜமீலா. முதல் வரியில் தொடங்கினால் மாட்டிக்கொள்வோம். கயல், மணி என்று எதிரெதிரே நிச்சயமாக வைக்க முடிந்த வரியில் தொடங்கி, சேதுவை உட்காரவைத்தால், மணிக்கு அடுத்து மீதமுள்ள ஒரே இடம் பூங்கொடிக்கு. மிஞ்சுவது கயலின் இரு பக்கமும். இப்போதுதான் ‘இல்லை’ வரி உதவுகிறது: சேதுவுக்கு அடுத்த இடம் வேலனுக்கு ஆகாது, எனவே அவர் கயலின் வலப்புறம், இடப்புறம் ஜமீலா. ‘இல்லை’ என்று வரும் வரிகளை ஓரத்தில் குறித்துவைத்துக் கடைசியில் எடுப்பது நல்லது. ஒரு வரிக்கு இரண்டு இடம் பொருந்தினால் இரண்டு படம் போட வேண்டும். ஒன்றை அழித்து அழித்துப் போடுகிறவர்களுக்கே நேரம் போதாமல் போகிறது.

மொழிபெயர்ப்பு பற்றியும் ஒரு சொல். ‘இடமிருந்து மூன்றாவது’ என்றால் வரிசையின் இடது முனையிலிருந்து எண்ணுவது. ‘ரவிக்கு இடப்புறம் மூன்றாவது’ என்றால் ரவியை விட்டுவிட்டு எண்ணுவது. அச்சில் இவை ஒன்றுக்கொன்று மாறி வருகின்றன. ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதும் சில நாள் விட்டுப்போகிறது. அப்படிப்பட்ட கணக்குக்கு இரண்டு விடை வரும், பிள்ளைகள் தங்களைத்தான் நொந்துகொள்வார்கள்.

படம் போட இடம் போதாது என்றால் பத்துக் கணக்கை ஐந்தாகக் குறைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தேர்வுப் பயிற்சி ஆசிரியர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.