பட்டியலில் இருந்தும் கிடைக்காத கோமதி

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினியில் தமிழ்ப் பெயரைத் தேடினால் ஒழுங்காகக் கிடைப்பதில்லை, ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வதே தோது என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் அலுத்துக்கொண்டிருந்தார். கிடைப்பதில்லை என்பது உண்மைதான், ஆனால் அதற்காகத் தமிழைக் குறை சொல்வது சரியில்லை.

நான் பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழாவுக்குப் பணம் தருபவர்களின் பட்டியலை வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக, ஆளுக்கு ஒரு வரி என்று, நான்தான் வைத்திருக்கிறேன். தேடுவதற்கு கிரெப் (grep) என்ற கட்டளை. கென் தாம்ப்சன் 1973 வாக்கில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதியது. லினக்ஸிலும் மேக்கிலும் இன்றைக்கும் கூடவே வருகிறது, ஒரு சொல்லைக் கொடுத்தால் அது உள்ள வரிகளை மட்டும் உருவிக் காட்டிவிடும். இந்தத் தடவை கீழ்வீட்டு கோமதி அக்கா வந்து, "பணம் கொடுத்தேனே தம்பி, பத்திரிகை வரலையே" என்றார். 'கோமதி' என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. "உங்க பேரே இல்லையே அக்கா" என்று நான் சொல்ல, அவர் ரசீதையே எடுத்து நீட்டிவிட்டார். மானம் போய்விட்டது. ஃபைலைத் திறந்து கண்ணால் பார்த்தால் கோமதி என்று பளிச்சென்று இருக்கிறது!

விஷயம் இதுதான். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த எண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறை ஃபைலில் முதல் வகை 3 பைட், இரண்டாவது 6 பைட். இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. கிரெப் அதையெல்லாம் பார்க்காது, நாம் கொடுத்தது அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். எங்கள் பட்டியலில் பாதி, யூனிகோடு அல்லாத பழைய ஃபான்டில் அடித்து, ஏதோ ஒரு கன்வர்ட்டரில் போட்டு எடுத்தது, அங்கேதான் இரண்டாம் வகை நுழைந்திருக்கிறது. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதிதான். கன்னடத்திலும் இந்தக் கூத்து உண்டு, எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம்.

வைத்தியம் சுலபம். தேடுவதற்கு முன் ஃபைலை ஒரு தடவை பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) என்ற வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். யூகான்வ் (uconv) என்ற கட்டளை போதும், பைத்தான் நிரல்மொழியில் என்றால் நாலு வரி. தேடும் சொல்லும் அதே வடிவில் இருக்கட்டும். அப்புறம் 'இங்கே எந்த எழுத்தானாலும் சரி' என்பதற்குப் புள்ளி வைத்துத் தேடுபவர்களுக்கு ஒன்று: கிரெப்பில் ஒரு புள்ளி என்பது நாம் நினைக்கும் ஓர் எழுத்து இல்லை. 'மணி' நமக்கு இரண்டெழுத்து, அதற்கு மூன்று (ம, ண, இகரக் குறி).

ஆனால் கௌரிகளை இதனால் காப்பாற்ற முடியாது. பாதிப் பேர் ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரி' என்றுதான் அடிக்கிறார்கள், அது உண்மையிலேயே வேறு எழுத்து. அதற்கு நான் கிரெப்பை -E என்ற விருப்பத்தேர்வோடு ஓட்டி, நடுவில் 'அல்லது' என்று பொருள்படும் கோடு போட்டு, 'கௌரி|கெளரி' என்று இரண்டையும் சேர்த்தே தேடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு