பூங்காவின் பூட்டைத் திறக்க வேண்டி ஒரு திறந்த மடல்

மதுரையில் எங்கள் வட்டாரப் பூங்காவின் சாவியை வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் எந்தப் பூங்காவைச் சொல்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். மூன்று முறை மனுக் கொடுத்திருக்கிறோம். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, பதில்தான் இல்லை. வெளி வீதிகளைத் தாண்டி, எதிரெதிரே இரண்டு தள்ளுவண்டிகள் வந்தால் ஒன்று பின்வாங்கியே தீர வேண்டிய சந்துகளுக்கு நடுவே, பதினோரு சென்ட் நிலத்தில் நான்கு புங்க மரங்களும் ஒரு வேம்பும் ஐந்து சிமெண்டு பெஞ்சுகளும் ஒரு சறுக்குமரமும் கொண்ட பூங்காதான் அது. ஆவணி மாதம் 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்ற பலகையோடு கேட்டில் பூட்டுத் தொங்கியது. இப்போது சித்திரை பிறந்துவிட்டது. உள்ளே பாதாளச் சாக்கடைக் குழாய்களும் உடைந்த குப்பைத் தொட்டிகளும் பழைய விளக்குக் கம்பங்களும் இறக்கி வைக்கப்பட்டிருக்கின்றனவே தவிர, பராமரிப்பு என்று சொல்லத்தக்க எதையும் நாங்கள் காணவில்லை. சென்ற வாரம் இருவர் வந்து டேப் பிடித்து அளந்து, சுவரில் மஞ்சள் குறியிட்டார்கள். விசாரித்தபோது, இருசக்கர வாகன நிறுத்தம் வரப்போகிறது என்றார்கள். அந்த மஞ்சள் குறிதான் இந்த மடலை எழுத வைத்தது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: பூட்டைத் திறக்க வேண்டும். காலையும் மாலையும் மட்டும் அல்ல, பகல் முழுவதும் திறந்திருக்க வேண்டும். நடைப்பயிற்சிக்குத்தானே பூங்கா, பகலில் எதற்கு என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் எங்களிடம் கேட்டார். அவருக்கு அன்று சொல்ல முடியாமற்போன பதிலை இங்கே சொல்கிறேன்.

எங்கள் காம்பவுண்டில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா இருக்கிறார். பத்துக்குப் பத்து அறை ஒன்றும் ஓர் அடுப்படியும்தான் வீடு. மகன் இரவெல்லாம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு, விடிந்தபின் வந்து படுப்பவர். மருமகள் அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து பூக் கட்டுபவர். மூன்றாவது ஆள் கால் நீட்ட அங்கே இடமில்லை. ஆகவே காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு பூங்காவுக்கு வந்து, வேம்படிப் பெஞ்சில் அமர்ந்து, மகன் எழும் நான்கு மணிக்குத்தான் அந்த அம்மா வீடு திரும்புவார். போகச் சொல்லி யாரும் அவரை விரட்டவில்லை. அவராகவே வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. பூங்கா பூட்டப்பட்டதும் முதலில் கோயிலுக்குப் போனார். மதியம் நடை சாத்திவிடுகிறார்கள். பிறகு ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்தார். பொருள் வாங்க வருபவர்களுக்கு இடைஞ்சல் என்று எழுப்பிவிட்டார்கள். இப்போது பேருந்து நிறுத்தத்தில் அமர்கிறார். 'எங்கம்மா போகணும்?' என்று நடத்துநர்கள் கேட்க, 'அடுத்த வண்டியில வாறேன்' என்று சொல்லிச் சொல்லிச் சமாளித்தவர், ஒருநாள் கூச்சம் தாங்காமல் ஏறியேவிட்டார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்தாக இருந்ததால் திருப்பரங்குன்றம் வரை போய், அங்கே வேலை எதுவும் இல்லாததால் அடுத்த பேருந்திலேயே திரும்பினார். இப்போது வெயில் கடுமையான நாட்களில் அப்படித்தான் செய்கிறார். நிழலில் உட்காருவதற்காக ஒருவர் ஊரைச் சுற்றி வருகிறார், ஐயா.

திண்ணை வைத்த வீடுகள் எங்கள் தெருவில் இருந்தவரை இந்தச் சிக்கல் வந்ததில்லை. திண்ணைகள் கடைகளாயின; கடைகளின் முன்னே வண்டிகள் நின்றன. மிஞ்சிய ஒரே திண்ணை அந்தப் பூங்கா. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. என் வண்டியும் தெருவில்தான் நிற்கிறது. ஆனால் வண்டி வெயிலில் நின்றால் சீட்டுத்தான் சுடும்.

பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாப்பதற்கென்றே 1959-இல் இம்மாநிலத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது தாங்கள் அறியாததல்ல. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும் தாங்கள் அறிந்ததே. மருத்துவமனைக்கே கொடுக்கக் கூடாது என்றால் வண்டி நிறுத்தத்திற்கு எப்படிக் கொடுப்பது என்பதைத் தாங்கள்தான் விளக்க வேண்டும்.

இந்த ஊருக்கு இடநெருக்கடி புதிதல்ல. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரத்தை வெளியே விரித்தார்கள். வெளி வீதிகள் அப்படி வந்தவை. அன்று சுவரை இடித்து இடம் கொடுத்தார்கள், இன்று இருக்கும் இடத்திற்குப் பூட்டுப் போடுகிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பூங்காத் திறப்பு விழாக் கல்வெட்டில் இருக்கும் பெயர்களை எண்ணிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் மரங்களைவிட அதிகம். அந்தக் கல்வெட்டுக்கு மட்டும் தவறாமல் வெள்ளை அடிக்கப்படுகிறது. ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்துகளில் நிறுத்தி வைத்துப் படமெடுத்துக்கொள்ளச் செய்வதிலும், செயற்கைப் புல் விரிப்பதிலும் உள்ள ஊக்கத்தில் காற்பங்கு, உயிரோடு இருக்கும் ஐந்து மரங்களுக்குக் கிடைக்கக் கூடாதா? கடம்பவனம் என்று பெயர் பெற்ற ஊரில் மரத்தடியில் உட்கார மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சொல் தடித்துவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன். பூட்டைத் திறக்க வேண்டும் என்பதற்கு மேல் நாங்கள் எதையும் கேட்கவில்லை. நீரூற்று வேண்டாம், வண்ண விளக்கு வேண்டாம். குழாய்களை வேறிடத்துக்கு மாற்றி, மஞ்சள் குறியை அழித்து, கேட்டைத் திறந்துவிட்டால் போதும். காவலுக்கு ஆள் இல்லை என்பதுதான் காரணமானால், காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்குச் சாத்தும் பொறுப்பைத் தெருக்காரர்கள் முறைவைத்து ஏற்றுக்கொள்கிறோம். பெருக்குவதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அதை எழுத்தில் தரவும் தயாராக இருக்கிறோம்.

அழகர் ஆற்றில் இறங்க இன்னும் சில நாட்களே உள்ளன. ஆண்டுதோறும் கிராமங்களிலிருந்து வந்து எங்கள் வீடுகளில் தங்கும் உறவினர்களில் பாதிப்பேர் இரவில் அந்தப் பூங்காவில்தான் துண்டை விரித்துப் படுப்பார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள்ளாவது சாவியை அனுப்பி வைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூங்காவின் மேற்குச் சுவரை ஒட்டிய காம்பவுண்டில் குடியிருப்பவன்