பிப்பெட் பிடித்த ஷெட்

பெரம்பூர், சென்னை

டேய் கட்டையா,

திட்டுவதை எல்லாம் நேரில் வரும்போது திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். இப்போது எழுதுவது நம்ம கூட்டாளி பிப்பெட்டுக்காக.

ஐயா ஓய்வுப் பணத்தைப் போட்டு கும்மிடிப்பூண்டியில் ஷெட் பிடிக்கிறாராம். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் கழித்துப் போடும் பழைய கேட்டலிஸ்ட்டிலிருந்து, அதாவது வினையூக்கியிலிருந்து, வனேடியம், மாலிப்டினம் என்ற உலோகங்களை எடுக்கப் போகிறாராம். லேபில் பர்னர் பற்ற வைக்கவே ஆள் கூப்பிட்டவன்!

ஆனால் தெரிந்தவர் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினான் பார், அசந்துவிட்டேன். எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்கும் கேட்டலிஸ்ட் அது. அலுமினா மேல் மாலிப்டினமும், கோபால்ட்டோ நிக்கலோ இருக்கும். கச்சா எண்ணெயிலேயே உள்ள வனேடியமும் அதில் படிந்து படிந்து, ஒரு நாள் வேலைக்கு ஆகாமல் போகிறது. அதைச் சலவைச் சோடாவோடு உலையில் வறுத்து, வெந்நீரில் கரைக்கிறான். வனேடியமும் மாலிப்டினமும் நீரோடு வந்துவிடுகின்றன, நிக்கல் மண்டியில் தங்கிவிடுகிறது. வடித்த நீரில் நவச்சாரம் போட்டான். ஈயம் பூசுகிறவர் வைத்திருப்பாரே, அதேதான். வனேடியம் உப்பு வெள்ளையாகப் படிந்தது. அதைச் சூடாக்கினால் ஆரஞ்சுப் பொடி. எஃகுக்கு வலு சேர்க்கும் சரக்குடா! 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் வனேடியம், மாலிப்டினம் இரண்டும் இருக்கின்றன என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பான்.

சரி, வறுக்கும்போது கந்தகம் எங்கே போகும்? கந்தக டை ஆக்சைடாகப் புகைபோக்கிக்குத்தான். அந்த ஆரஞ்சுப் பொடியும் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது. கடைசியில் அமோனியாவும் உப்பும் கலந்த தண்ணீர் வேறு. அவன் கணக்கு நோட்டில் வனேடியம் விலை மூன்று பக்கம். புகையைக் கழுவும் ஸ்க்ரப்பருக்கு ஒரே வரி, அதுவும் பென்சிலில். 2018-இல் வானத்துக்குப் போன விலை அடுத்த வருஷமே விழுந்ததைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறான். 2016 அபாயக் கழிவு விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் சரக்கைத் தொடவே முடியாது என்றால், “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்கிறான். ஆலைகள் நிறைந்த மணலியில் வளர்ந்தவனுக்குப் புகையைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டுமா? அங்கே வேலைக்கு வரப்போவது அவன் இல்லை, ஊர்விட்டு வந்த பையன்கள். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் பேச்சு அவனிடம் எடுபடாது. உன்னிடம்தான் அவனுக்குப் பயம், காரணம் உனக்கே தெரியும். முன்பணம் கொடுப்பதற்குள் ஒரு போன் போடு. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே, பிடிவாதம் ஏறிவிடும். முதலில் ஸ்க்ரப்பருக்கும் கழிவுநீருக்கும் விலை கேட்டு வரச் சொல். அப்புறம் பேசட்டும்.

உன்
சோடா