இடைநிலைப் பள்ளியை வளர்த்த ஆசிரியர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கப் பள்ளிக் கல்வியின் வரலாறு பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, ஆசிரியர்களைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல் விட்டது வருத்தமளிக்கிறது. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1909-இல் தொடங்கிய இண்டியனோலா ஜூனியர் உயர்நிலைப் பள்ளியே, தொடக்கப் பள்ளிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் இடைப்பட்ட இத்தகைய இடைநிலைப் பள்ளிகளில் அந்நாட்டில் முதலாவது என்று பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் 1910-இல் அதே வழியில் இறங்கியது. எட்டாம் வகுப்போடு, சில வேளை அதற்கும் முன்பே, ஏராளமான பிள்ளைகள் படிப்பைக் கைவிட்டு வேலைக்குச் சென்ற அக்காலத்தில், ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்தால் அவர்களைத் தக்கவைக்கலாம் என்பது அமைப்பாளர்களின் நம்பிக்கை.

இண்டியனோலா 1929-இல் புதிய கட்டடத்துக்கு மாறியது உண்மையே. எனினும், கட்டடத்தின் வளர்ச்சியைவிட ஆசிரியர் பணி மாறிய விதமே என் பார்வையில் பெரிது. தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் நாள் முழுவதும் எல்லாப் பாடங்களையும் நடத்த, இப்புதிய பள்ளிகளில் கணிதம், ஆங்கிலம், அறிவியல் எனப் பாடத்துக்கொருவர் வந்தனர். மரவேலையும் தையலும் கற்பிப்போரும் உடன் சேர்ந்தனர். பதின்பருவத்தின் வாயிலில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்று தனிப் பயிற்சி பரவலாக இல்லாத நிலையில், பலர் அதைப் பணியினூடே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களது உழைப்பைப் பற்றியும் தாங்கள் ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்