அத்தை திரும்பிப் போகவில்லை

தலவாக்கலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை மூன்று நாளாக வாசித்தேன். அம்மாவுக்கும் தமிழில் சொல்லிக் காட்டினேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கையைப் பற்றிய பக்கங்களில் நான் கை வைக்க ஒன்றுமில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தை நீ எழுதியிருக்கும் இடத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது. "1972இல் என் அத்தையின் குடும்பம் இந்தியாவுக்கு ரீபேட்ரியேட் செய்யப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

சொல்லைப் பிரித்துப் பார். 'ரீ' என்றால் மறுபடியும். 'பேட்ரியா' லத்தீன் சொல். தகப்பன் நாடு, பிறந்த மண். சொந்த நாட்டை விட்டு வெளியே இருக்கும் ஒருவரை மறுபடி அங்கேயே கொண்டு சேர்ப்பதுதான் ரீபேட்ரியேட். போகும் நாடு அவருடையதாக இருக்க வேண்டும். அவர் அங்கிருந்து வந்தவராகவும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் 'ரீ' பொய்யாகிவிடும்.

பொருந்துகிற இடங்களும் நம் கண்முன்னே இருக்கின்றன. 2020இல் கொரோனா நேரம் வளைகுடா நாடுகளில் வேலையிழந்து நின்ற நம் பிள்ளைகளை விமானம் ஏற்றிக் கொண்டுவந்தார்களே, அது ரீபேட்ரியேஷன். வீட்டு வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோகும் பெண்ணின் உடலைப் பெட்டியில் ஊருக்கு அனுப்பிவைப்பதற்கும் அதே சொல்தான். பணத்துக்கும் உண்டு. 1975இல் அரசாங்கம் கம்பெனித் தோட்டங்களை எடுக்கும் வரைக்கும், இங்கே விளைந்த தேயிலையின் இலாபம் இலண்டனில் இருந்த முதலாளிகளிடம் போனது. அதையும் ஆங்கிலத்தில் ரீபேட்ரியேட் என்றே சொல்வார்கள். முதலாளியின் நாடு அதுதான் என்பதால் அங்கே சொல்லில் பிழையில்லை.

இனி அத்தைக்கு வா. அவள் பிறந்தது இந்தத் தோட்டத்து மேட்டு லயத்தில், நான் பிறந்த அதே காம்பராவில். தாத்தா பிறந்ததும் இங்கேதான். தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கமிருந்து வந்தவர் தாத்தாவின் அப்பா. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றதை நீயே விரிவாக எழுதியிருக்கிறாய். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த 1964 ஒப்பந்தத்திலேயே ரீபேட்ரியேஷன் என்ற சொல் இருக்கிறது. நீ அங்கிருந்துதான் எடுத்திருப்பாய். ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டும்போது மேற்கோள் குறிக்குள் போட்டு எழுது, அது சரி. உன் வாயால் சொல்லும்போது எழுதாதே. அரசாங்கங்கள் தங்கள் வசதிக்கு வைத்த பெயரை நாம் உண்மையென்று எடுத்துக்கொண்டால், துறையூரைக் கண்ணாலும் பார்க்காத ஒரு பிள்ளை அங்கிருந்து வந்து இத்தனை காலம் இங்கே தங்கியிருந்ததாக ஆகிவிடும்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. எனக்குப் பதினொரு வயது. மாமா வீட்டார் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். தாத்தா இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத என் அக்கா, உன் அத்தை, அவர்களோடு போக வேண்டியதாயிற்று. சாமான்களை மரப்பெட்டியில் அடுக்கும்போது, அம்மியையும் கொண்டுபோவேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். இரண்டு பேர் தூக்கிப் பார்த்துவிட்டு முடியாது என்றார்கள். கடைசியில் குழவியை மட்டும் பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கோச்சியில் ஏறினாள். ஸ்டேஷன் முழுக்க அழுகை. தலைமன்னார் வரை கோச்சி, அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்கு ஆள் ஏற்றும்போது நம் முன்னோரை நோய்க்காகத் தடுத்து வைத்ததும் அதே மண்டபத்தில்தான்.

கோத்தகிரியில் அத்தை வீட்டுக்கு நான் போயிருந்தபோது, அக்கம்பக்கத்தார் அவளை 'சிலோன்காரம்மா' என்றே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள், அதுதான் தன் பெயர் என்பதுபோல. நான் புறப்படும் நாளில் கேட்டாள்: "ஊருக்கு எப்பப்பா போய்ச் சேருவ? ஊருல இப்ப மழையா?" அவள் ஊர் என்றது தலவாக்கலையை. ஐம்பது வருடமாகியும் இந்தியாவுக்குப் போனதை "நாங்க இங்க வந்தப்ப" என்றுதான் சொல்கிறாள். திரும்புதல் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன்: "ஒரு தடவ திரும்பி வந்து பாக்கணும்." தமிழ்நாட்டு அரசுக் காகிதங்களில் அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். ஆங்கிலத்தின் தகப்பன் நாடு தமிழில் தாய் நாடாக மாறியதே தவிர, அந்தத் 'திரும்பி' மட்டும் மாறவில்லை.

அப்படியானால் எந்தச் சொல் என்று கேட்பாய். டிப்போர்ட் வேண்டாம், அது அரசாங்கம் ஒருவரைப் பிடித்து வெளியே அனுப்புவது. இங்கே கையெழுத்து வாங்கினார்கள், அந்தக் கையெழுத்துக்கு முன்னால் மனிதருக்கு எவ்வளவு வழி இருந்தது என்பது வேறு கேள்வி. எமிக்ரேட் ஓரளவு பொருந்தும், 'எ' வெளியே போவதைக் குறிக்கும். ஆனால் தன் விருப்பத்தில் போனதுபோல் காட்டிவிடும். பெரிய சொல்லே தேவையில்லை மகளே. 1964 ஒப்பந்தத்தின்படி, தான் ஒரு நாளும் பார்த்திராத நாட்டுக்கு அத்தை அனுப்பப்பட்டாள் என்று எளிய ஆங்கிலத்தில் எழுது. வரி நீளும், நீளட்டும்.

இன்னொன்று, பதினோராம் பக்கத்தில் உன்னை நீயே 'எக்ஸ்பேட்ரியட்', அதாவது சொந்த நாட்டை விட்டு வெளியே வாழ்பவள், என்று எழுதிய இடத்தில் ஆங்கில எழுத்தில் கடைசி 'டி'க்கு முன் 'ஓ' போட்டிருக்கிறாய். அப்படி எழுதினால் முன்பு நாட்டுப்பற்று இருந்து இப்போது இல்லாதவள் என்று அர்த்தம் வந்துவிடும். அங்கே 'ஏ' வர வேண்டும், கடைசியில் 'ஈ'யும்.

திருத்திய வரியை எனக்கு அனுப்புவதற்கு முன் அத்தைக்குப் போன் போட்டுத் தமிழில் வாசித்துக் காட்டு. இரவு எட்டு மணிக்குப் பிறகு எடுப்பாள். குழவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது; அம்மி இங்கே நம் குசினியில், வேறொரு குழவியோடு. இரண்டையும் படமெடுத்து உனக்கு அனுப்பச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

அங்கே குளிர் கூடியிருக்கும். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

அன்புடன்
அப்பா