ஒரு மீற்றர் போதும்: வன்னி விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விடுதி உரிமையாளர்களே,

இசைக்கு ஆடும் நீரூற்று ஒன்றை முற்றத்தில் வைக்க நினைக்கிறீர்கள் என்றால் அது நல்ல எண்ணம். பொழுதுபட்ட பிறகு பிள்ளைகுட்டிகளோடு போய் இருக்க வன்னியில் இடம் குறைவு. ஆனால் வேலை தொடங்குமுன் வரும் முதற்கேள்வி அநேகமாக "எவ்வளவு உயரம் அடிக்கும்?" என்பதாகவே இருக்கிறது. பம்பி, குழாய், மின்னிணைப்பு வேலை செய்யும் நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான்: இங்கே ஒரு மீற்றர், மிஞ்சினால் ஒன்றரை மீற்றர் போதும். செலவைக் குறைப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தாளமும் காற்றும் தண்ணீரும் அதைத்தான் கேட்கின்றன.

முதலில் தாளம். 3 மீற்றர் எழும் தாரை நொசிலை (தண்ணீர் பீறிடும் குழாய்முனையை) விட்டு உச்சிக்குப் போக முக்கால் விநாடிக்குச் சற்று மேல் எடுக்கும். திரும்பி விழவும் அவ்வளவு நேரம். ஆக, ஒரு துள்ளலுக்கு ஒன்றரை விநாடி. அதற்குள் தவிலில் ஒரு சொற்கட்டே முடிந்துவிடும். 1 மீற்றர் தாரை 0.9 விநாடியில் ஏறி இறங்கும். 25 சென்ரிமீற்றர் தாரைக்கு அரை விநாடியும் வேண்டாம். அடிக்கு அடி தண்ணீர் எழும்பி விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் குட்டைத் தாரையால்தான் முடியும்.

இதில் இரண்டு வழி உண்டு. இன்வேற்றர் என்ற வேகக் கட்டுப்படுத்தியால் பம்பியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் தாரை மெல்ல மெல்ல வளரும். வேகம் ஏற ஒன்றிரண்டு விநாடி எடுப்பதால் அது நாதஸ்வர ஆலாபனைக்குப் பொருந்தும், மத்தளத்துக்குப் பொருந்தாது. மத்தள அடிக்குப் பம்பி ஓடிக்கொண்டே இருக்க, நொசிலுக்குக் கீழே உள்ள, மின்சாரத்தால் இயங்கும் சொலனொயிட் வால்வு திறந்து மூட வேண்டும். எல்லா வால்வும் ஒரே கணத்தில் மூடினால் குழாய்க்குள் தண்ணீர் சம்மட்டி போல் அடிக்கும், ஒட்டிய மூட்டுகள் விட்டுப்போகும். அதற்குத் தொட்டிக்கே திரும்பும் ஒரு பக்கக்குழாய் கட்டாயம். பாட்டுக்கு நிரல் எழுதுபவரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: வால்வு திறக்கும் கட்டளை அடிக்கு எவ்வளவு முன்னால் வைக்கப்படுகிறது? 1 மீற்றர் தாரையின் உச்சி அடியோடு சேர வேண்டுமென்றால் 0.45 விநாடி முன்னால் வைக்க வேண்டும். அடியும் கட்டளையும் ஒன்றாக இருந்தால் தண்ணீர் கடைசிவரை பாட்டுக்குப் பின்னாலேயே ஓடும். கோளாறு எங்கே என்று தெரியாமல் பம்பியை மாற்றிப் பயனில்லை.

அடுத்தது காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும் வெளியில் உயர்ந்த தாரை நேரே நிற்காது. நொசிலிலிருந்து தொட்டி விளிம்பு வரை உள்ள தூரம், குறைந்தது தாரையின் உயரமளவு இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் கணக்கு. 6 மீற்றர் தாரைக்கு 12 மீற்றர் அகலத் தொட்டி கட்டினாலும் பலத்த காற்றில் அது போதாது. காணொளிகளில் வரும் டுபாய் நீரூற்று 150 மீற்றர் வரை எழும்புகிறது, உண்மைதான். அதைச் சுற்றி இருப்பது 30 ஏக்கர் செயற்கை ஏரி. குட்டைத் தாரைக்கும் காற்றளவி ஒன்றைப் பொருத்தி, காற்று கூடினால் தானாக உயரம் குறையும்படி வையுங்கள்.

இனித் தண்ணீர். எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான். இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவாகிறது. ஆடி, ஆவணியில் குடிதண்ணீருக்குப் பவுசரைப் பார்த்திருக்கும் ஊர்கள் உள்ளன. அந்த நாளில் அந்தப் பவுசர் உங்கள் நீரூற்றுக்கு வரக்கூடாது.

10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், அரை மீற்றர் ஆழமுள்ள தொட்டியில் 30,000 லீற்றர் நிற்கும். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் 300 லீற்றர் போகும். தூவானமாய்ப் பறப்பது வேறு. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து தொட்டியிலேயே தங்கிவிடும். கிணற்றுநீரால் நிரப்பிக்கொண்டே போனால் நூறு நாளில் அதன் கடினத்தன்மை இரட்டிக்கும். நம் வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் இங்கே நொசிலின் வாயில் படிகிறது. 10 மில்லிமீற்றர் வாய் 8 ஆகச் சுருங்கினால் பரப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடும். படிவு ஒருபக்கமாகப் பிடித்தால் தாரை சரிந்து பக்கத்துத் தாரையோடு மோதும். வால்வின் றப்பர் தட்டில் ஒரு துணுக்கு இருந்தாலும் மற்றவை நின்ற பிறகு அந்த ஒன்று மட்டும் ஒழுகிக்கொண்டிருக்கும்.

ஆகவே கூரைநீரைப் பிடியுங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர். 200 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை ஒரு நாள் கொட்டினால் 10,000 லீற்றர். மாரியில் தாங்கியை நிரப்பிவிட்டால் கோடையில் பாதிப் பாரம் இறங்கும். மழைநீரில் சுண்ணாம்பும் இல்லை. மாதமொருமுறை நொசிலைக் கழற்றி வினாகிரியில் சில மணி நேரம் ஊறவையுங்கள். கம்பியால் குத்தினால் வாயில் கீறல் விழுந்து தாரை சிதறும். ஒரு ஈர்க்கு போதும்.

உயரத்தின் விலை இங்கேதான் தெரியும். 10 மில்லிமீற்றர் வாயுள்ள 20 நொசில்கள் 1 மீற்றருக்கு அடிக்க நிமிடத்துக்கு ஏறக்குறைய 420 லீற்றர் சுழல வேண்டும். 3 மீற்றருக்கு 720. தண்ணீர் இரட்டிக்கக்கூட இல்லை, ஆனால் அதைத் தள்ளும் வலு ஐந்து மடங்காகிவிடும்.

மின்சாரத்தில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவுமில்லை. நீருக்குள் இருக்கும் விளக்குகள் 12 வோல்ட்டில் எரிய வேண்டும். ரான்ஸ்போமர் தொட்டிக்கு வெளியே, நீர் தெறிக்காத இடத்தில் இருக்க வேண்டும். பம்பிக்கு, மின் ஒழுகினால் தானாக விழும் 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச், ஒழுங்கான ஏர்த், நீருக்குள் ஒட்டு இல்லாத ஒரே வயர். ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அது அடிக்கடி விழுகிறது என்று கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுப்பது தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளியின் உயிரோடு விளையாடும் காரியம். துப்புரவுக்கு இறங்கும்போது பிரதான சுவிச்சுக்குப் பூட்டுப் போட்டு, திறப்பை இறங்குபவரிடமே கொடுங்கள். 12 வோல்ட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 9 வாற் விளக்கு இருபது என்றால் 15 அம்பியர். அதை 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 30 மீற்றர் கொண்டுபோனால் பாதிக்கு மேல் வோல்ட் வயரிலேயே தீர்ந்துவிடும். விளக்கைக் குறைசொல்லிப் பயனில்லை. விளக்குகளை நாலு கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கிட்ட ஒரு ரான்ஸ்போமர் வையுங்கள். நிறம் மாற்றும் சமிக்ஞை வயரை இன்வேற்றர் வயரோடு ஒரே குழாயில் இழுத்தால் விளக்குகள் தம்பாட்டில் சிமிட்டும்.

பம்பிப் பக்கம் நீர்மட்டம் குறைந்தால் அதை நிறுத்தும் மிதவைச் சுவிச் இல்லாவிட்டால், வேப்பஞ்சருகு வலையை அடைத்த ஒரு இரவிலேயே பம்பியின் சீல் (நீர் ஒழுகாமல் காக்கும் வளையம்) எரிந்துபோகும். உறிஞ்சும் வாய்க்குக் கையோ தலைமயிரோ இழுபடாத அகன்ற மூடி வேண்டும். பிள்ளைகள் தொட்டிக்குள் இறங்குவார்கள், தடுக்க முடியாது.

தூவானத்தை விருந்தினர் மூச்சோடு இழுக்கிறார்கள் என்பதால் குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை நிற்க வேண்டும். நிகழ்ச்சி இல்லாத நாளிலும் நீர் வடிகட்டியை ஓடவிடுங்கள். தேங்கி நிற்கும் நீரில் நுளம்பு முட்டையிட்டுப் பறந்துபோக ஒரு கிழமை, பத்து நாள் போதும்.

விலைமனு கேட்கும்போது உயரத்தோடு இவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள்: நாளொன்றுக்கு எவ்வளவு நீர் ஊற்ற வேண்டும், அது எங்கிருந்து வரும், எந்தக் காற்றில் தாரை தாழும், மாற்று நொசிலும் வால்வுத் தட்டும் எத்தனை தரப்படும், துப்புரவு செய்யும் உங்கள் ஆளுக்கு எத்தனை நாள் பழக்குவார்கள். தொட்டியைக் கழுவி விடும் குளோரின் நீரை எந்தக் குழிக்குள் இறக்குவது என்பதையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். வயல் வாய்க்காலுக்கு அது போகக்கூடாது.

இப்படிக்கு,
வன்னியில் பம்பி, குழாய், மின்னிணைப்பு வேலை செய்வோர்