ஆஸ்டினுக்கு ஒரு ஜோடி ஷூ

சட்டனூகா,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணம்மா,

தீபாவளிக்கு வந்துவிட்டுப் போகும்போது நீ ஓடப் போடும் ஷூவை வாசல் அலமாரியிலேயே விட்டுவிட்டாய். நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறேன். இடது ஷூவுக்குள் அம்மா பருப்புப் பொடிப் பொட்டலம் ஒன்றைத் திணித்திருக்கிறாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

உன் ஷூவைப் பார்த்ததும் செவானிப் பையன்கள் ஞாபகம் வந்தது. மலைமேல் இருக்கிறதே அந்தக் கல்லூரி, நீ பள்ளியில் படிக்கும்போது இலை பழுப்பதைப் பார்க்கக் கூட்டிப்போவேனே, அதே செவானிதான். 1899 நவம்பரில் அவர்களுடைய அமெரிக்க ஃபுட்பால் டீம் ரயிலேறி முதலில் போன ஊர் எது தெரியுமா? உன் ஆஸ்டின்.

மொத்தம் இருபத்தொரு ஆட்டக்காரர்கள். எதிரே ஆடியவை எல்லாம் மற்ற கல்லூரி அணிகள். 9ஆம் தேதி ஆஸ்டினில் டெக்சஸ் அணியை 12-0 என்று ஜெயித்தார்கள். ராத்திரி ரயில். மறுநாள் ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம், 10-0. மறுபடி ராத்திரி ரயில். அதற்கு அடுத்த நாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேன், 23-0. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. திங்களன்று பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யு., 34-0. செவ்வாயன்று மெம்பிஸில் ஓல் மிஸ், 12-0. ஆறு நாளில் ஐந்து ஆட்டம், கிட்டத்தட்ட நாலாயிரம் கிலோமீட்டர். எதிரிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை.

இதைச் சொன்னபோது சென்னையிலிருந்து வந்திருந்த உன் பெரிய மாமா, "கட்டிப் புரளுறதெல்லாம் ஒரு விளையாட்டாய்யா?" என்றார். அந்தக் காலத்தில் அது நிஜமாகவே கட்டிப் புரளுவதுதான். முன்னால் பந்தை எறிவதற்கு 1906 வரை அனுமதியே இல்லை. இப்போதைய ஹெல்மெட்டும் கிடையாது. ஆஸ்டினில் கேப்டன் ஹென்றி சைபெல்ஸ் மண்டை உடைந்தும் ஆடினாராம். எனக்கு அது வீரமாகத் தெரியவில்லை. அவரைப் பெற்றவளுக்குத் தெரிந்திருந்தால் அடுத்த ரயிலில் வந்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

எனக்குப் பிடித்தவன் ஆடியவனே இல்லை. லூக் லீ என்று ஒரு மாணவன், டீமின் மேனேஜர், இருபது வயது. வழக்கமாகக் காசு வரும், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு ஆடும் ஆட்டம் வசூல் தகராறில் நின்றுபோனது. டீமை நடத்தப் பணம் வேண்டுமே! அதற்குத்தான் இந்த ஊர் சுற்றல். ரயில், சாப்பாடு, குடிக்க மலைத் தண்ணீர்கூடப் பீப்பாயில், எல்லாவற்றையும் யோசித்தவன் ஷூக்களைக் கோட்டைவிட்டான். அவை ஊரிலேயே கிடக்க, பாதி வழியில் தந்தியடித்து வரவழைத்தான் என்று சொல்வார்கள். அவன் பிற்பாடு அமெரிக்க செனட்டரானான். முதல் உலகப்போர் முடிந்ததும், ஹாலந்தில் ஒளிந்திருந்த ஜெர்மன் பேரரசர் கெய்சரையே தூக்கிவரக் காரில் கிளம்பினான். அதில் தோற்றான் என்பது வேறு கதை.

கூடவே கால் பரோஸ் என்ற கறுப்பினத்தவரும் போனார். அடிபட்ட உடம்புகளை ஒவ்வொரு ராத்திரியும் தேய்த்துவிட்டு மறுநாளைக்கு எழுப்பி நிறுத்தியது அவர்தான். அந்தக் கல்லூரியில் அவர் பிள்ளைக்கு அன்று இடம் கிடைத்திருக்காது. இதை மாமாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்த சீசனில் ஆடிய பன்னிரண்டையும் ஜெயித்தார்கள். மொத்தமாக எதிரணிகளுக்குக் கிடைத்தது 10 புள்ளி. அத்தனையும் ஆபர்ன் கல்லூரி அணி எடுத்தது. அந்த ஆட்டம் 11-10, மயிரிழையில் தப்பினார்கள்.

சரி, நீ போன வாரம் போனில் "ஆறு நாளில் அஞ்சு மீட்டிங், செத்தேன்பா" என்றாயே, அதற்காக இதை எழுதவில்லை. அவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஆடவில்லை, ஒரு கரும்புத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். இன்று நீயும் லேப்டாப்பைத் திறக்காதே.

பார்சல் வந்ததும் போன் பண்ணு. பொடியை எடுத்துவிட்டுக் காலை விடு.

அப்பா